இருபது மில்லியில் ஒரு திருகாணி

பதினோராவது முறையாகப் படம் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு. கூட வந்த குறிப்பில் மூன்றே சொற்கள்: பொம்மை மாதிரி இருக்கு. முந்தைய பத்து முறையும் அதே மூன்று சொற்கள்தான். நாலாவது முறை மட்டும் முன்னால் ‘இன்னும்’ என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது. டேப்பக்கா அதையும் குறித்து வைத்திருந்தாள்.

டேப்பக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் போடுகிற மர மேஜை நாற்காலிகள் செய்யும் கம்பெனியில் வேலை. மாடியறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் செய்வாள். இடுப்பில் எப்போதும் மூன்று மீட்டர் அளவு டேப் ஒன்று செருகியிருக்கும். கேன்டீன் டம்ளர் சிறுத்துவிட்டது என்று எல்லோரும் முணுமுணுத்தபோது, எட்டு மில்லிமீட்டர் சிறுத்திருக்கிறது என்று அளந்து சொன்னவள் அவள்தான். அன்று ஒட்டிய பட்டம் இது.

கோபம் வந்தால் அவளுக்குக் குரல் ஏறாது, எண் ஏறும். சாதாரண நாளில் “நேத்தே சொன்னேனே” என்பாள். கோபமான நாளில் “நேத்து மூணே முக்காலுக்குச் சொன்னேன், நீங்க கதவுகிட்ட நின்னுட்டிருந்தீங்க” என்பாள். எண்கள் வர ஆரம்பித்தால் தெரிந்தவர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

அவள் செய்யும் படத்துக்குக் கேமரா கிடையாது. நாற்காலியைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்ட வேண்டும். தரை போட்டு, மரத்துக்கு ரேகை கொடுத்து, வானத்தில் ஒரு சூரியனை வைத்து, கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று மணி நேரம் கழித்துப் படம் வெளியே வரும். அந்த மூன்று மணி நேரத்துக்கு அலுவலகத்தில் வேகவைப்பது என்று பெயர். “அக்கா, வெந்துட்டுதா?” என்று போகிற வருகிறவர்கள் கேட்பார்கள். இந்த முறை வேகவேண்டியது புது விலைப்பட்டியலின் அட்டைப்படம். மழை விட்ட மொட்டைமாடி, ஒரு மேஜை, பெரிய துணிக்குடை, நாலு நாற்காலி. நாற்காலி, கம்பெனியில் அதிகம் ஓடுகிற மூணாம் நம்பர். கையில்லாதது, நேர்க்கால்.

குறிப்பு வந்த பத்தாவது நிமிடம் மாப்பிள்ளையே மேலே வந்தார். முதலாளிக்கு மட்டும்தான் அவர் மாப்பிள்ளை. ஆனாலும் கீழே வாட்ச்மேன் வரை அவருக்கு அதுதான் பெயர். முன்னால் மட்டும் சார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க.”

“எடுத்துக்கிட்டேன் சார். சொல்லுங்க.”

“வெளியில ஒரு கம்பெனிகிட்டயும் இதே படத்தைக் கேட்டிருக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். நல்லா இருக்கிறது அட்டைக்குப் போகும்.”

“என்னது தேறலைன்னா?”

“அப்ப இந்த ரூம் எதுக்குன்னு ஒரு கேள்வி வரும்ல?” மாப்பிள்ளை அறையைச் சுற்றிப் பார்த்தார், ஏற்கனவே யாருக்கோ வாடகைக்கு விட்டதுபோல. “உங்க வேலை எங்கயும் போகாது. பழைய இடம் காலியாத்தான் கிடக்கு. ரிட்டர்ன்ல.”

ரிட்டர்ன் என்றால் திரும்பி வரும் சாமான் பிரிவு. குடோனின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத தகர அறை, எப்போதும் ஊறிய மரத்தின் வாடை. அந்த அறையில் அவள் பத்தொன்பது வருஷம் இருந்தாள். வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு நாற்காலியையும் புரட்டிப் பார்த்து, பதிவேட்டில் ஏழு கட்டங்களில் எழுத வேண்டும்: தேதி, எண், எங்கிருந்து, என்ன கோளாறு, எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர், கையெழுத்து. மாசக் கடைசியில் பதிவேடு மேலே போய், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிவப்புக் கையெழுத்தோடு திரும்பி வரும்.

படிக்கிறார்களா என்று அவளுக்கு ஒரு சந்தேகம். பதினாலாவது வருஷம், ஒரு பக்கத்தின் நடுவில், கோளாறு என்ற கட்டத்தில், ‘இந்த வரியைப் படிப்பவர் எனக்கு ஒரு டீ வாங்கித் தரவும்’ என்று எழுதினாள். பக்கம் கையெழுத்தோடு வந்தது. டீ வரவில்லை.

பதிவேட்டில் மூணாம் நம்பர் நாற்காலிக்கு, முன்கால் உச்சியில் பிளவு என்று நானூற்றுப் பன்னிரண்டு முறை எழுதியிருக்கிறாள். அந்த நாற்காலி விற்பனைக்கு வந்தது அவள் சேர்ந்த ஆறாவது வருஷம். ஆக, பதிமூன்று வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. பிறகு நாற்பத்துநாலு வயதில், சொந்தமாகவே படம் செய்யக் கற்றுக்கொண்டு, அந்த அறையிலிருந்து மாடிப்படி ஏறி வந்தாள். வந்து ஏழு வருஷம். செத்தாலும் திரும்ப அந்த வாடைக்குள் போவதில்லை என்று இருந்தாள்.

மாப்பிள்ளை போன பிறகு படத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த ஆள் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சல். பொம்மை மாதிரிதான் இருந்தது. எதனால் என்றுதான் விளங்கவில்லை. கம்பெனி கொடுத்த வரைபடத்தில் இருந்த அளவுக்கு அரை மில்லிமீட்டர் பிசகாமல் கட்டியிருந்தாள்.

வீட்டிலும் அன்றைக்கு அதே நினைப்பு. அவள் கணவர் பூட்டுச் சாவி ரிப்பேர்க்காரர், கடைத்தெரு முக்கில் ஒரு பெட்டிக்கடை. அவள் டீயைக் குடிக்காமல் டம்ளரின் அடியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, டீ ஆறுது. நிழல் ஆறாது, அப்புறமா பாத்துக்கலாம்.”

“நிழல் அடியில கறுப்பா இருக்குங்க. தள்ளிப் போகப் போக வெளுக்குது. என் படத்துல ஒரே கறுப்பு.”

“படத்தைக் காட்டு.” ஃபோனில் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “நாற்காலி எல்லாம் மேஜையை விட்டு ஒரே தூரத்துல நிக்குது. பரீட்சை ஹால் மாதிரி. இதுல மனுஷன் உக்காந்தே எந்திரிச்சதில்ல.”

“பதினொரு தடவை திருப்பி அனுப்பினவன் இதைச் சொல்லலை பாருங்க.”

“அவன் சாவி தொலைச்சவன். பூட்டு சரியில்லன்னுதான் சொல்லுவான்.”

மறுநாள் காலை அவள் குடோனுக்குப் போனாள். போய் ஒரு மூணாம் நம்பர் நாற்காலியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, தானே தூக்கிக்கொண்டு அலுவலக மொட்டைமாடிக்கு ஏறினாள். ஒரு வாளித் தண்ணீரை அதன் தலையில் கொட்டினாள். பிறகு ஒரு காலிப் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள், காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை, நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் தவிர.

பார்க்கப் பார்க்கத் தன்மேலேயே கோபம் வந்தது. பத்தொன்பது வருஷம் நாற்காலியைப் புரட்டியவள், படம் செய்யும்போது மட்டும் ஏதோ காகிதத்தை நம்பியிருக்கிறாள். மரத்தின் ஓரம் எதுவும் கத்தி மாதிரிக் கூராக இல்லை. தேய்ப்புத்தாள் பட்டு ஒரு மில்லி மழுங்கி, அந்த மழுங்கலில்தான் வெயில் ஒரு கோடாக மின்னியது. ஈர மரம் கறுத்து, இருக்கையின் மரப்பட்டிகளுக்கு இடையில் தண்ணீர் நின்று, முன் விளிம்பில் வரிசையாகத் துளி கட்டியது. குடோனில் பத்து நாற்காலியைப் பார்த்தால் பத்துக்கும் ரேகை வேறு. அவள் படத்தில் நாலுக்கும் ஒரே ரேகை, ஒரே முடிச்சு, ஒரே இடத்தில். ஒரே வயிற்றில் ஒரே நிமிடத்தில் பிறந்த நாலு பேர் வரிசையாக நின்றால் பார்க்கிறவனுக்குப் பயம் வராமல் என்ன செய்யும்.

கட்டி வைத்திருந்த நாற்காலியை அன்றைக்கே அழித்தாள். வரைபடத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டாள். எதிரில் நின்ற நாற்காலியை டேப்பால் அளந்து அளந்து, முதலிலிருந்து கட்டினாள். ஒரு நாற்காலியைக் கோணலாகப் பின்னுக்குத் தள்ளினாள், யாரோ எழுந்து போன மாதிரி. மேஜைமேல் டம்ளர் வைத்த ஈர வளையம் ஒன்று. குடைத்துணி வழியே கசியும் மங்கல் வெளிச்சம். ஒவ்வொரு கால் தரையைத் தொடும் இடத்திலும் மயிரிழை அகலத்துக்குக் கரிய நிழல், தள்ளிப் போகப் போக வெளுத்தது. நாலு நாற்காலிக்கும் நாலு மரம்.

குறித்த வெள்ளிக்கிழமை காலை இரண்டு படங்களும் மாப்பிள்ளை மேஜைக்குப் போயின. நாலாவது நிமிடம் ஃபோன் வந்தது.

“மேடம், இதை எங்க எடுத்தீங்க?”

“எடுக்கலை சார். செஞ்சது.”

“தொட்டா கை ஈரமாகும்போல இருக்கு. வெளிக்காரங்க படத்தை மூடி வச்சுட்டேன்.”

அறை பிழைத்தது. அவளும் பிழைத்தாள். சந்தோஷப்பட்டாளா என்றால், பட்டாள், ஒரு ஐந்து நாள்.

புதன்கிழமை கடைக்காரர்கள் கூட்டம். கம்பெனியின் சாமான்களை வாங்கி விற்கும் நாற்பத்தாறு பேர் கீழ் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை அட்டைப்படத்தை ஆறடி அகலத்துக்கு அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தார். டேப்பக்காவை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தார்கள், கைதட்டு வாங்குவதற்காக.

கைதட்டு வந்தது. அது அடங்கியதும், கடலோரத்தில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து போய்ப் படத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முன்னால் நின்ற நாற்காலியின் கால் உச்சியில் கட்டை விரலை வைத்தார்.

“தம்பி, இது வரைஞ்சதா, நிஜமா?”

“வரைஞ்சதுதாங்க,” என்றார் மாப்பிள்ளை பெருமையாக. “நிஜம் மாதிரி இருக்குல்ல?”

“மாதிரி இல்ல. நிஜமேதான். ஸ்க்ரூ ஓரத்துல இருக்கு பாருங்க. இந்தக் கால் ரெண்டு மழைக்குத் தாங்காது. இதே கால் என் கடையில பதினேழு பிளந்து நிக்குது. வேணும்னா கொண்டாந்து பக்கத்துல மாட்டட்டுமா?”

ஹாலில் முதலில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “என் கடையில இருபத்தி மூணு.” இன்னொன்று: “நான் எண்ணுறதை விட்டுட்டேன்.” நாற்பத்தாறு பேரும் வரிசையாக வந்து படத்தில் அந்த ஒரு திருகாணியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

டேப்பக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வரைபடத்தில் அந்தத் திருகாணி கால் உச்சியிலிருந்து முப்பத்தைந்து மில்லிமீட்டர் கீழே. பட்டறையில் போடுவது இருபதில். உச்சிக்கு அவ்வளவு நெருக்கமாகப் போட்டால் மரம் ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி, திருகாணியிலிருந்து மேல்நோக்கிப் பிளக்கும். நானூற்றுப் பன்னிரண்டு முறை அதைப் பார்த்துப் பார்த்து, அது கோளாறு என்பதே அவள் கண்ணுக்கு மறந்துபோயிருந்தது. அந்த நாற்காலிக்கு முகமே அப்படித்தான் என்று ஆகியிருந்தது. நாற்காலியை அளந்தாள், இருபது என்று வந்தது, இருபதில் வைத்தாள். அவ்வளவுதான்.

பதிமூன்று வருஷம் எழுதினதை ஒருத்தன் படிக்கவில்லை. ஒரு படம் போட்டாள், நாற்பத்தாறு பேர் படித்துவிட்டார்கள்.

மதியம் மூன்று ஐந்துக்கு மாப்பிள்ளை மேலே வந்தார். கதவை மூடினார்.

“அந்த ஸ்க்ரூவைத் தள்ளி வைங்க.”

“எவ்வளவு சார்?”

“வரைபடத்துல எவ்வளவோ அவ்வளவு.”

“வரைபடத்துல முப்பத்தஞ்சு. கீழ இருபதுலதான் போடுறாங்க.”

“கீழ என்ன போடுறாங்கங்கிறது வேற விஷயம். நான் படத்தைப் பேசுறேன்.”

“நிஜமா இருக்கணும்னு பதினொரு தடவை திருப்பி அனுப்பினது நீங்கதான் சார்.”

“நிஜம் மாதிரி இருக்கணும்னு சொன்னேன். நிஜமா இருக்கணும்னு எங்க சொன்னேன்?”

“இந்த மாதிரியிலதான் சார் நானூத்திப் பன்னண்டு பேர் வீட்டுல கால் பிளந்தது. அதுல ஒன்பது பேர் விழுந்திருக்காங்க. ஒருத்தருக்கு மணிக்கட்டு முறிஞ்சுது. எழுதியிருக்கேன். ஆறாவது பதிவேடு, நூத்தி நாலாம் பக்கம். கீழ தள்ளிப் போடச் சொல்லுங்க, மேல நானும் தள்ளி வைக்கிறேன். எனக்கு அரை நிமிஷ வேலை.”

“நாளைக்குப் பத்து மணிக்குப் படம் அச்சகத்துக்குப் போகணும்,” என்றார் மாப்பிள்ளை. “ஸ்க்ரூ தள்ளியிருந்தா நீங்க இந்த ரூம்ல. இல்லைன்னா அதைத் தள்ளி வைக்க வெளிக்காரங்க இருக்காங்க, நீங்க ரிட்டர்ன்ல. யோசிச்சுக்கோங்க.”

அவள் யோசிக்கவில்லை. நேரே பட்டறைக்கு இறங்கினாள். மாடியிலிருந்து பட்டறைக்கு ஒரு இரும்புப் படிக்கட்டு, பதினெட்டு படி. பட்டறை மேஸ்திரி அவளுடைய சொந்தத் தம்பி. பன்னிரண்டு வருஷமாக அவன்தான் மேஸ்திரி. ஹாலில் நடந்தது அதற்குள் அவன் காதுக்கு வந்திருந்தது.

“எல்லார் முன்னாடியும் என்னை மாட்டிவிட்டுட்டியேக்கா.”

“நான் எங்கடா மாட்டினேன். ஸ்க்ரூ நீ போட்டது. படம்தான் நான் போட்டது.”

“உனக்கென்ன, மேல உக்காந்து எலியை உருட்டுற. இங்க வந்து பாரு.” துளை போடும் இயந்திரத்தின் பக்கத்தில் அவளை இழுத்துக்கொண்டு போனான். நாற்காலிக் காலை அதில் படுக்க வைத்துத் தள்ளினால், பின்னால் இரும்புத் தடுப்பு ஒன்று இடிக்கிறது. அதற்கு மேல் போகாது. துளை இருபதிலேயே விழுகிறது. “இது மெஷினோட வந்தது. முப்பத்தஞ்சுல போடணும்னா கால் இன்னும் பதினஞ்சு மில்லி உள்ள போகணும். போகாது. புது மெஷின் கேட்டு ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன்.”

“நான் நானூத்திப் பன்னண்டு தடவை எழுதிக் கொடுத்தேன்.”

“அப்புறம் என்னை ஏன் கேக்குற?”

“இந்தத் தடுப்பு இரும்புதானே?”

“இரும்புதான்.”

“உங்கிட்ட இரும்பறுக்கிற ரம்பம் இருக்குல்ல?”

“அதை அறுக்கச் சொல்லி யாரும் சொல்லலக்கா.”

“மூச்சு விடச் சொல்லியும் யாரும் சொல்லலடா.” அதற்கு மேல் அங்கே நின்றால் கை நீண்டுவிடும் என்று அவள் கிளம்பினாள். பின்னால் ஒருத்தன் சிரிக்க, தம்பி அவனை ஏதோ திட்டியது கேட்டது.

மறுநாள் வியாழக்கிழமை. ரிட்டர்ன் அறைக்குக் கொண்டுபோக வேண்டியதை ஒரு பையில் போட்டுக்கொண்டே வீட்டிலிருந்து வந்தாள்: மூக்குக்குக் கட்டத் துணி, கருப்பு மை பேனா இரண்டு, அடிக்கோல். ஒன்பது பத்துக்கு உள்ளே நுழையும்போது பட்டறை வாசலில் தம்பி நின்றிருந்தான். சட்டை முழுக்க இரும்புத்தூள்.

“வாக்கா, வந்து பாரு.”

தடுப்பை அறுத்து எடுத்திருந்தான். அறுத்த துண்டு தரையில் கிடந்தது, தீப்பெட்டி அளவு. பக்கத்தில் அன்று காலை துளை போட்ட கால்கள் அடுக்கியிருந்தன. டேப்பக்கா இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தாள். முப்பத்தைந்து. முப்பத்தைந்து. முப்பத்தைந்து. நாலாவது, முப்பத்துநாலு.

“இது ஒண்ணு குறையுது.”

“அது முதல்ல போட்டது. தள்ளிடு.”

“எவ்வளவு நேரம் ஆச்சு அறுக்க?”

அவன் பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னான். “நாப்பது நிமிஷம். கையில கொப்புளமே வந்துடுச்சு.”

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். “நாப்பது நிமிஷம்,” என்றாள். “பதிமூணு வருஷம் நான் அந்தத் தகர ரூம்ல உக்காந்து எழுதினேன். நான் மேல போய் ஏழு வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் பிளந்தது எத்தனைன்னு எனக்குத் தெரியாது. எல்லாம் உன்னோட நாப்பது நிமிஷம்டா. கொப்புளத்தைக் காட்டாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

“இப்ப வந்திருக்கிறது என்ன கோபம்க்கா?”

டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டாள்: “குடோன்ல பழசு எத்தனை?”

“அறுநூத்தி நாப்பது. பழைய துளையை அடைச்சு, கீழ புதுசா போட்டா ஒரு நாளைக்கு முப்பது முடியும்.”

“அப்ப இருபத்திரண்டு நாள்.”

“கூட்டிட்டியா அதுக்குள்ள.”

“இன்னிக்கே ஆரம்பி. ரம்பத்துக்குச் சொல்லலைன்னு சொன்ன இல்ல, இதுக்கு நான் சொல்றேன்.”

படி ஏறிப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். முன்நாற்காலியின் திருகாணியைப் பிடித்துப் பதினைந்து மில்லி கீழே இறக்கினாள். பிறகு மற்ற மூன்று நாற்காலிகளிலும். அந்த இடங்களை மட்டும் மறுபடி வேகவைக்க எட்டு நிமிடம் ஆனது.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு மாப்பிள்ளை வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா. அரை நிமிஷ வேலைன்னு நீங்களே சொன்னீங்க. இதுக்குப் போய் நேத்து அவ்வளவு பேச்சு. அனுப்பிடுங்க.”

தான் மிரட்டியதற்குப் பயந்து வழிக்கு வந்துவிட்டாள் என்று அவர் நினைக்கிறார். அது அவளுக்குப் புரிந்தது. இடுப்பிலிருந்து டேப்பை உருவி அவர் முன்னால் வைத்தாள்.

“கீழ போய் அளந்துட்டு வாங்க சார்.”

“எதை?”

“கீழ தள்ளிட்டாங்க. அதனாலதான் மேல தள்ளினேன். குடோன்ல அறுநூத்தி நாப்பது இன்னும் பழைய மாதிரியே இருக்கு, அதையும் பாருங்க. ரெண்டையும் பாத்து, பழசை மாத்தாம வெளியில விடமாட்டோம்னு உங்க கையால எழுதிக் கொடுங்க. அடுத்த நிமிஷம் படம் அச்சகத்துல இருக்கும்.”

“மேடம், மணி பத்தாகப் போகுது. வெளிக்காரங்களைக் கூப்பிட எனக்கு எவ்வளவு நேரமாகும்?”

“கூப்பிடுங்க. இந்த நாற்காலியைக் கட்டின கோப்பு என்கிட்டதான் இருக்கு. அவங்க செஞ்ச படத்தை நீங்களே மூடி வச்சுட்டீங்க. இதே மாதிரி வேணும்னா முதல்லேர்ந்து கட்டணும், பத்து நாள். பொம்மை மாதிரி இருக்கும்.”

மாப்பிள்ளை டேப்பைப் பார்த்தார். “எனக்கு இதெல்லாம் அளந்து பழக்கமில்லை.”

“பூஜ்யத்தைக் காலோட உச்சியில வைங்க. ஸ்க்ரூ நடுவுல என்ன எண் இருக்கோ அதைப் படிங்க. படிக்கிறது மட்டும்தான் சார் வேலை.”

கம்பெனிக்கு வந்த நாலு வருஷத்தில் அவர் அந்த இரும்புப் படிக்கட்டில் ஒரு முறையும் இறங்கியதில்லை. டேப்பைக் கையில் எடுத்தார், எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல். கதவு மூடியது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் எண்ணினாள். பதினெட்டாவதில் சத்தம் நின்றது.

மேஜைமேல் ஃபோன் அடித்தது. அச்சகம். அவள் எடுக்கவில்லை.